கல்லூரி வாயிலும் கைப்பொருளும்

ஆண்டுதோறும் மே மாதத்தின் முற்பாதியில் மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவருகின்றன. முடிவு வந்த அன்று வீடுதோறும் நிலவும் மகிழ்ச்சி, ஓரிரு நாளில் கவலையாக உருமாறி விடுகிறது. மதிப்பெண் எவ்வளவு என்று வினவிய உற்றார், எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வினவத் தொடங்குகின்றனர். அந்த வினாவுக்குள் பொதிந்திருக்கும் மற்றொரு வினாவை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பெற்றோர் மட்டுமே இரவில் தமக்குள் அதைக் கேட்டுக் கொள்கின்றனர். பணத்திற்கு என்ன வழி என்பதே அவ்வினா.

கல்வியின் சிறப்பைப் பாடாத புலவர் தமிழில் இல்லை. அச்சிறப்பை எடுத்துரைக்காத மேடையும் நம்மிடையே இல்லை. ஆயினும் கல்விக்கு ஆகும் செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதை ஏனோ நாகரிகக் குறைவாகக் கருதுகிறோம். அதனால் விளையும் தீங்கு பெரிது. பணமே கிட்டாமல் நின்றுபோன படிப்புகளைக் காட்டிலும், பணம் உரிய நாளில் கிட்டாமல் நின்றுபோன படிப்புகளே மிகுதி என்பது ஆசிரியப் பணியில் நாம் கண்டு தெளிந்த உண்மை. உதவி செய்யும் உள்ளங்கள் நம் சமுதாயத்தில் குறைவில்லை. அவ்வுதவி வந்து சேரும் காலந்தான் பிழைபட்டுக் கிடக்கிறது. இதனை மாணவரும் ஆசிரியரும் ஜமாஅத் பெரியோரும் ஒருங்கே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவேறு நாட்காட்டிகள்

நாம் பிறந்து வளர்ந்த கிள்ளையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சிதம்பரத்திற்குக் கிழக்கே, பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடுகளை அடுத்துள்ள பேரூர் அது. பரங்கிப்பேட்டைக்கும் சிதம்பரத்திற்கும் இடையில் இருப்புப்பாதை அவ்வூர் வழியே செல்கிறது. மீனவர், உழவர், உப்பங்கழியில் இறால் பிடித்து வாழும் இருளர், சிறுவணிகம் செய்யும் முஸ்லிம்கள் எனப் பல திறத்தாரும் அங்கு வாழ்கின்றனர். கல்லூரிகளும் எட்டாத் தொலைவில் இல்லை. 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் உள்ளது. சி. முட்லூரில் அரசு கலைக் கல்லூரி உள்ளது. நம் கல்லூரியைப் போன்ற சிறுபான்மையினர் கல்லூரிகளை நாடி வெளியூர் சென்று, விடுதியில் தங்கிப் பயில்வோரும் உண்டு. கல்லூரி அருகில் இருந்தும் அதன் வாயிலைக் கடக்க முடியாமற் போவது எதனால்?

விடை அவ்வூரின் வருவாய்க் காலத்தில் இருக்கிறது. கீழைக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்னர் 45 நாளாக இருந்த இத்தடை, 2017 முதல் 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. மீன்வளம் பெருக இத்தடை இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் தேர்வு முடிவு வருவதும், விண்ணப்பம் போடுவதும், கலந்தாய்வு நடப்பதும், சேர்க்கைக் கட்டணம் கட்டுவதும் பெரும்பாலும் இந்த 61 நாளுக்குள்ளும் அதனை ஒட்டியுமே நிகழ்கின்றன. முடசல் ஓடையில் படகு கட்டிக் கிடக்கும் காலத்தில்தான் படகோட்டியின் மகளுக்குக் கல்லூரி திறக்கிறது. அரசு வழங்கும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருப்பினும், அது இரண்டு மாத அடுப்பெரியவே போதாது.

உழவர் நிலையும் இத்தகையதே. சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் முடிகிறது. அப்போது கைக்கு வந்த பணம் பழைய கடனுக்கும் வீட்டுச் செலவுக்கும் போக, வைகாசியில் மிச்சம் இருப்பதில்லை. அடுத்த பருவத்தேர்வுக் கட்டணம் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வருகிறது. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். கடலூர் மாவட்டத்தில் மழைக்காலம் என்றால் அதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல், 2015இல் பெருவெள்ளம் என்று அடுத்தடுத்து அடி வாங்கிய மண் இது. கல்லூரியின் நாட்காட்டி ஒன்று. கடலுக்கும் கழனிக்கும் உரிய நாட்காட்டி வேறொன்று. இவ்விரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் ஏழை மாணவன் இடறி விழுகிறான்.

அன்றாட நெல்

கல்விக்குப் பொருள் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த எண்ணாயிரம் என்னும் ஊரில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கிருந்த கல்விச்சாலையில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தனர் என்று அது குறிக்கிறது. அம்மாணவருக்கு நாள்தோறும் இவ்வளவு நெல் என்று அளந்து, அதற்கென நிலமும் ஒதுக்கப்பட்டது. அன்றைய அக்கல்வி ஒரு பிரிவினர்க்கே உரியதாய் இருந்தது என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் அவ்வேற்பாட்டின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆண்டு முடிவில் பரிசாக வழங்காமல், பசிக்கும் நாளிலேயே நெல் அளந்தார்கள்.

இசுலாமிய உலகத்தின் வரலாறும் இதனையே உரைக்கிறது. கெய்ரோவின் அல்அஸ்ஹரில் பயின்ற வெளிநாட்டு மாணவர், நாடுவாரியாக அமைந்த 'ரிவாக்' என்னும் தங்குமிடங்களில் வாழ்ந்தனர். வக்ஃபு நிலங்களின் வருவாயிலிருந்து அவர்களுக்கு நாள்தோறும் ரொட்டி வழங்கப்பெற்றது. நம் நாட்டில் வங்காளத்து ஹாஜி முகம்மது முஹ்ஸின் 1806இல் தம் சொத்தை வக்ஃபு ஆக்கினார். அவ்வருவாயைக் கொண்டு 1836இல் ஹூக்ளியில் கல்லூரி எழுந்தது. பின்னர் அந்நிதியிலிருந்து முஸ்லிம் மாணவர் பலர் உதவித்தொகை பெற்றுக் கற்றனர். கொடுத்தவர் மறைந்த பின்னும் கொடை நிற்காமல் ஓடியதற்கு இவை சான்றுகள்.

தமிழிலக்கியம் பயில்வோருக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்ற வள்ளல் கீழக்கரைச் சீதக்காதி. காப்பியம் முற்றுப்பெறும் முன்னே அவர் மறைந்தார். புரவலரை இழந்த நூல் பாதியில் நின்றிருக்கக் கூடும். அப்போது கைகொடுத்தவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். நன்றி மறவாத புலவர் அவரைக் காப்பியத்துள் பலவிடத்தும் போற்றினார். வெள்ளாற்றுக் கழிமுகத்தின் அக்கரையில், கிள்ளைக்கு அண்டையூரில் வாழ்ந்த பெருமகனின் வரலாறு இது. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். பாதியில் நின்ற பணியை எடுத்து முடித்த அபுல்காசிமை அத்துணை நினைப்பதில்லை. தொடங்கி வைப்பவருக்குக் கிடைக்கும் புகழ், தொடர்ந்து தாங்குபவருக்குக் கிடைப்பதில்லை போலும்! நம் கல்வி உதவிகளும் இவ்வாறே ஆயின. முதலாண்டுச் சேர்க்கைக்கு உதவ நால்வர் முன்வருகின்றனர். மூன்றாம் பருவத் தேர்வுக் கட்டணத்திற்கு எவரும் இல்லை.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையால் 1913இல் அவர் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டனில் பயின்றபோது உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்ப வேண்டியதாயிற்று. ஈட்டிய ஊதியத்தில் சேமித்த பணம், நண்பர் தந்த கடன், கோலாப்பூர் மன்னர் சாகு மகராசின் உதவி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். அரசியலமைப்பை வகுக்கவிருந்த அறிவுக்கே பணமுடை காரணமாக மூன்றாண்டு இடைவெளி நேர்ந்தது என்றால், கிள்ளையின் எளிய பிள்ளைகளுக்கு அவ்விடைவெளி எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். அவர் மீண்டும் சென்றார். நம் பிள்ளைகள் பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை.

அரசு நீட்டும் கை

'இக்காலத்தில் எல்லாவற்றையும் அரசே தருகிறதே' என்று சிலர் கூறுவர். அரசு தருவது உண்மை. அதனை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டியலின மாணவருக்கான உயர்கல்வி உதவித்தொகை 1944ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழக அரசு 2007இல் வழங்கியது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிவாகியது. அவர்தம் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையவழி விண்ணப்பிக்க அண்மை ஆண்டுகளில் பதிவுக் கட்டணம் உட்பட 50 ரூபாயே பெறப்பட்டது. பட்டியலின, பழங்குடி மாணவரிடம் 2 ரூபாய் மட்டுமே பெறப்பட்டது.

கட்டணம் என்பது மாற்ற முடியாத விதி அன்று என்பதற்கு நம் மாவட்டமே சான்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் கட்டுப்பாட்டில் வந்தது. அதன் பின்னும் அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் பிற அரசுக் கல்லூரிகளைவிடப் பன்மடங்கு கட்டணம் இருந்தது. மாணவர் பல வாரங்கள் போராடிய பின், 2021 தொடக்கத்தில் அது அரசுக் கல்லூரிக் கட்டணத்திற்கு இணையாக்கப்பட்டது. கேட்டால் கிடைக்கும், சேர்ந்து கேட்டால் விரைவில் கிடைக்கும்.

ஆயினும் இத்திட்டங்களில் பெரும்பாலானவற்றிற்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. மாணவர் கல்லூரியில் சேர்ந்த பின்னரே அவை தொடங்குகின்றன. சேர்க்கை முடிந்து, கல்லூரி சான்றளித்து, விண்ணப்பம் ஏற்கப்பட்டு, பணம் வங்கிக் கணக்கை அடையும்போது மாதங்கள் பல கடந்து விடுகின்றன. ஆற்றைக் கடந்தவனுக்குத்தான் அக்கரையில் படகு தருகிறார்கள் எனலாம். இக்கரையில் நிற்பவனுக்குத் தேவைப்படுவது ஐந்தாயிரமோ பத்தாயிரமோதான். அது ஜூன் மாதத்தில் தேவைப்படுகிறது.

மேலும், அரசின் கை என்றும் ஒரே அளவில் நீண்டிருக்கும் என்று இருந்துவிட இயலாது. சச்சார் குழு 2006இல் அறிக்கை அளித்த பின் சிறுபான்மை மாணவர்க்கு நடுவண் அரசு பல உதவித்தொகைகளைத் தொடங்கியது. 2022இல் எட்டாம் வகுப்பு வரையிலான உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் ஆய்வாளருக்கான மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையும் நிறுத்தப்பட்டது. அதனை நம்பி முனைவர் பட்ட ஆய்வை எண்ணியிருந்த மாணவர் நிலை என்ன? ஊரார் கையில் ஒரு நிதி இருந்திருப்பின் அதிர்ச்சி சற்றே குறைந்திருக்கும்.

தாள் என்னும் தடை

பணத்திற்கு முன்னே நிற்கும் மற்றொரு தடையையும் சொல்ல வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு, மாற்றுச் சான்றிதழ் ஆகிய தாள்களே உதவிகளுக்குத் திறவுகோல். ஒரு தாள் குறைந்தாலும் கதவு திறவாது.

நம் சமுதாயத்துப் பிள்ளைகளுக்குப் பெயரே தடையாகி நிற்பதுண்டு. முகமது, முகம்மது, முஹம்மது என்று தமிழிலேயே மூன்று வகையாக எழுதும் பெயர், ஆங்கில எழுத்துக்குப் போகும்போது இன்னும் பல வடிவம் கொள்கிறது. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் மற்றொன்று. தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் வேறோரிடத்தில் முழுமையாகவும் நிற்கிறது. மனிதர் ஒருவரே ஆயினும் கணினிக்கு அவர் மூவர். நம் துறையில் பயின்ற மாணவி ஒருவருக்கு இக்காரணத்தாலேயே உதவித்தொகை ஓராண்டு முழுதும் வந்து சேரவில்லை. ஓர் எழுத்தின் விலை ஓராண்டுத் தொகை ஆயிற்று. எழுத்துப்பிழையின் கொடுமையை இதனினும் தெளிவாகத் தமிழாசிரியரால் கற்பிக்க இயலாது.

சாதிச் சான்றிலும் இடர்ப்பாடு உண்டு. இராவுத்தரும் மரைக்காயரும் உள்ளிட்ட இலெப்பை, தக்கினி முஸ்லிம், சேக், சையது, மாப்பிள்ளை, தூதேகுலா, அன்சார் எனப் பட்டியலில் உள்ள பிரிவினரே பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்னும் ஒதுக்கீட்டுக்கு உரியர். சான்றில் பிரிவு சரியாகக் குறிக்கப்படாவிடில் 3.5 விழுக்காடு ஏட்டளவில் நின்றுவிடும். இருளர் பிள்ளைகளின் நிலை இதனினும் கடினம். பழங்குடிச் சான்று வட்டாட்சியர் அளவில் கிடைப்பதன்று. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் விசாரித்து வழங்க வேண்டும். பெற்றோரிடம் பழைய சான்று இல்லையெனில் விசாரணை நீளும். கூலி வேலையை விட்டுப் பலமுறை அலுவலகம் சென்றுவர இயலாத தந்தை, ஒரு கட்டத்தில் சோர்ந்து போகிறார். சேர்க்கைக்குரிய கடைசி நாள் அவருக்காகக் காத்திருப்பதில்லை.

இத்தாள்களை மே மாதத்தில் தேடத் தொடங்குவது காலம் தாழ்த்துவதாகும். பதினோராம் வகுப்பிலேயே தொடங்கினால் பிழைகளைத் திருத்த ஓராண்டு கிடைக்கும். இதற்குப் பணம் வேண்டா. படித்தவர் ஒருவரின் பொறுமை போதும்.

வட்டியும் அழகிய கடனும்

வங்கிக் கல்விக்கடன் பற்றிப் பேசாமல் இப்பொருளை முடிக்க இயலாது. நான்கு இலட்சம் ரூபாய் வரை பிணையச் சொத்தின்றிக் கடன் தரலாம் என்பது வங்கிகளின் பொது நெறி. குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை அரசே ஏற்கும் திட்டம் 2009இல் வந்தது. அது தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி பயில்வோரைக் கருதியே அமைந்தது. 2024 நவம்பரில் பிரதமரின் வித்யாலட்சுமித் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆயினும் இளங்கலைத் தமிழோ வரலாறோ பயிலும் மாணவர் கேட்பது இலட்சங்களை அன்று. அவருக்கு வேண்டிய சிறுதொகைக்கு வங்கிப் படிகள் ஏறி இறங்குவது பொருந்தாது.

நம் குடும்பங்களில் மற்றொரு தயக்கமும் உண்டு. வட்டி கூடாது என்னும் மார்க்கக் கட்டளையை நெஞ்சில் நிறுத்திய பெற்றோர் கல்விக்கடனை நாட அஞ்சுகின்றனர். அவ்வச்சம் மதிக்கத்தக்கது. அதனை எள்ளுவோர் கூற்றை நாம் ஏற்கவில்லை. இன்றியமையாத் தேவையின்போது என்ன செய்யலாம் என்று தீர்ப்பளிப்பது மார்க்க அறிஞர் பணி; தமிழாசிரியர் பணி அன்று. ஆனால் ஒன்றை மட்டும் பணிவோடு கூற விரும்புகிறோம். வட்டிக்கடன் வேண்டா என்று ஒரு தந்தையிடம் சொல்லும் ஊர், வட்டியில்லாக் கடனை அவர் கையில் கொடுக்கவும் கடமைப்பட்டுள்ளது. தடுப்பதோடு நம் கடமை முடிந்துவிட்டதாகக் கருதினால், அந்தத் தந்தை வங்கிக்குப் போகாமல் கந்துவட்டிக்காரரிடம் போவார். அல்லது மகளின் படிப்பை நிறுத்தி மணம் பேசத் தொடங்குவார்.

வட்டியில்லாக் கடனுக்குக் 'கர்ழன் ஹஸனா' என்று பெயர். 'அழகிய கடன்' என்று தமிழாக்கலாம். கடனுக்கு அழகு என்னும் அடைமொழி தந்த மரபு நம்முடையது. நாற்பதில் ஒரு பங்கான ஜகாத்தும், எல்லையற்ற ஸதகாவும், காலங்கடந்து பயன்தரும் வக்ஃபும் நம்மிடம் உள்ளன. ஜகாத் பெற உரியோருள் வறியவரும் கடன்பட்டோரும் அடங்குவர். இத்தனை கருவிகளையும் கையில் வைத்துக்கொண்டு, ஜூன் மாதத்தில் ஒரு மாணவனை வெறுங்கையோடு அனுப்பினால் குறை எவரிடம் உள்ளது?

எதிருரைகளும் விடைகளும்

'கொடுத்த கடன் திரும்பி வராது' என்பது முதல் எதிருரை. எல்லாரும் திருப்பித் தருவர் என்று நாமும் உறுதி கூற இயலாது. ஆயினும் தவணையை மாணவரின் உதவித்தொகை வரும் காலத்தோடு பொருத்தினால் இழப்பு குறையும். பணமாகத் தர இயலாதவர் உழைப்பாகத் தரலாம். பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுதப் படிக்கத் தெரிந்தவர், மதீனத்துச் சிறுவர்க்குக் கற்பித்து அதனையே மீட்புத்தொகையாக ஈந்தனர் என்பது நாம் அறிந்த வரலாறு. உதவி பெற்ற மாணவர் அடுத்த ஆண்டு மே மாதத்தில் பத்துப் பேருக்கு விண்ணப்பம் நிரப்பித் தரட்டும். அதுவும் ஈடே.

'கலைப்பாடம் படித்தால் வேலை ஏது? அதற்கு ஏன் உதவ வேண்டும்?' என்பது இரண்டாவது. மருத்துவருக்கும் பொறியாளருக்கும் உதவினால் பெயர் கிடைக்கிறது. தமிழ் பயிலும் மாணவிக்கு உதவினால் செய்தித்தாளில் படம் வராது. ஆனால் முதல் தலைமுறையில் கல்லூரி கண்ட பெண் ஒருத்தி, எந்தப் பட்டம் பெற்றாலும், தன் பிள்ளைகளின் விண்ணப்பத்தைத் தானே நிரப்புவாள். அந்த வீட்டில் இக்கட்டுரை கூறும் இடர்கள் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும்.

'நம்மவர்க்கே போதாதபோது பிறருக்கு எங்கே?' என்பது மூன்றாவது. ஜகாத் நிதிக்கு மார்க்க வரம்புகள் உண்டு. அவற்றை மீறச் சொல்லவில்லை. பொதுக் கொடையால் அமையும் நிதிக்கு அவ்வரம்பு இல்லை. மாசி மகத்தன்று திருமுட்டத்துப் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு எழுந்தருளுவதும், தர்காவின் சார்பில் முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்வதும் நெடுங்கால வழக்கம். ஆண்டுக்கொரு நாள் காட்டும் அந்த அன்பு, ஜூன் மாதத்தில் இருளர் குடியிருப்பின் வாசல் வரை சென்றால் எத்துணைச் சிறப்பாகும்! ஜமால் முகமது கல்லூரியும் புதுக்கல்லூரியும் 1951இல் தோன்றியபோது, கொடை தந்தோர் முஸ்லிம்களே ஆயினும் வாயில் எல்லார்க்கும் திறந்திருந்தது. நாம் பணிபுரியும் கல்லூரிகளின் மரபும் அதுவே.

செய்யத்தக்கன

முதலாவது, ஊர்தோறும் ஜமாஅத் மேற்பார்வையில் ஒரு சுழல்நிதி வேண்டும். ஆண்டுக்கு முப்பது மாணவர்க்கு ஆளுக்குப் பத்தாயிரம் எனக் கொண்டால் மூன்று இலட்சம் போதும். ஒரு திருமண விருந்தின் செலவைவிட இது பெரிதன்று. திரும்பி வரும் பணம் அடுத்த ஆண்டு வேறொருவருக்குப் போகும். வெளிநாட்டில் பணிபுரியும் ஊரார், பெருநாளுக்கு அனுப்பும் கொடையில் ஒரு பகுதியை ஏப்ரலிலேயே அனுப்பினால் நிதி நிறையும்.

இரண்டாவது, கொடுக்கும் நாளை மாற்ற வேண்டும். ஆண்டுவிழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, நிழற்படம் எடுத்து வழங்கும் காசோலை பெரும்பாலும் காலங்கடந்தே வருகிறது. வறுமையை மேடையில் நிறுத்துவது மாணவர் மனத்தையும் புண்படுத்தும். ஜூன் முதல் வாரத்தில், ஆரவாரமின்றி, கல்லூரியின் கணக்கிலேயே கட்டணத்தைச் செலுத்தி விடலாம். வலக்கை தருவதை இடக்கை அறியாத கொடையே சிறந்தது என்று கற்றவர்கள் நாம்.

மூன்றாவது, முதலாண்டில் உதவிபெற்ற மாணவரை மூன்றாமாண்டு முடியும்வரை தொடர வேண்டும். புதிதாக மூவரைச் சேர்ப்பதினும், சேர்ந்த ஒருவரை முடிக்க வைப்பது மேல். பாதியில் நின்ற பட்டத்திற்குச் சந்தையிலும் மதிப்பில்லை, வீட்டிலும் மதிப்பில்லை. அண்ணன் படிப்பு வீணாயிற்று என்று தங்கையையும் அனுப்ப மறுக்கும் வீடுகளை நாம் அறிவோம்.

நான்காவது, பள்ளிவாசலிலோ நூலகத்திலோ ஜனவரி முதல் ஜூன் வரை வாரம் ஒரு மாலை விண்ணப்ப உதவி மையம் நடத்த வேண்டும். சான்றுகளைச் சரிபார்த்தல், பெயர்ப்பிழை திருத்தக் கோருதல், உதவித்தொகைகளின் கடைசி நாளைத் தெரிவித்தல் ஆகியன அதன் பணி. நம் தமிழ்த்துறை மாணவர் இதனைச் சமூகப் பணியாக ஏற்கலாம். ஆசிரியர் உடனிருந்து வழிகாட்டலாம்.

ஐந்தாவது, கல்லூரிகளும் இரங்க வேண்டும். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவர்க்குச் சேர்க்கைக் கட்டணத்தைத் தவணையாகப் பெறவும், தடைக்காலம் முடிந்து ஜூலை இறுதிவரை பொறுக்கவும் நிருவாகங்கள் மனம் வைத்தால் ஒரு ரூபாயும் இழப்பில்லை. அபராதக் கட்டணத்தால் கல்லூரி வளர்ந்ததாக வரலாறு இல்லை.

மாணவர்க்கும் ஒரு சொல். உதவி கேட்பதில் இழிவில்லை. கேட்காமல் படிப்பை விடுவதால் வீட்டுக்கும் ஊருக்கும் நேரும் இழப்பே பெரிது. உங்கள் இன்னலை ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள். கட்டணம் கட்ட இயலாத மாணவர் வகுப்பறையில் பின்வரிசைக்குச் சென்று, பிறகு வராமலே போய்விடுவதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். வருகைப் பதிவேட்டில் விழும் முதல் வெற்றிடத்தின்போதே காரணம் கேட்க வேண்டிய கடமை ஆசிரியராகிய நமக்கும் உண்டு.

பள்ளிவாசல் கட்ட ஊர் கூடுகிறது. மினாரா உயர ஊர் மகிழ்கிறது. அவ்வொற்றுமை கல்விக்கும் வாய்க்கட்டும். வரும் ஏப்ரல் பதினைந்தாம் நாள், கிள்ளைக் கரையில் படகுகள் கட்டப்படும்போது, ஊரின் கல்வி நிதிப் பெட்டி திறக்கப்படட்டும். ஜூன் பதினைந்தில் படகுகள் மீண்டும் கடலுக்குச் செல்லும் முன்னரே, நம் பிள்ளைகள் கல்லூரிக்குள் சென்றிருக்கட்டும். பாதியில் நின்ற காப்பியத்தை முடித்துவைத்த அபுல்காசிமின் வழியில், பாதியில் நிற்கும் படிப்புகளை முடித்துவைக்க நாமும் முயல்வோமாக.